கயத்துப் பாறை சுத்தம், ஓரத்துப் பாறை வழுக்கு

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை போய் கோதையாற்றில் சேர்கிறது. தை மாதம் வந்தால் ஓரத்துப் பாறையில் பாசி பிடித்து காலே வைக்க முடியாது. ஆனால் நாங்கள் குளிக்கிற கயத்துக்குள் (ஓடையில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடம்) பாறை சுத்தமாக இருக்கிறது. “மரத்துக்குப் போடுகிற உரம் இறங்குகிறது” என்கிறார் அண்ணன். “நஞ்சு கலக்கி மீனைக் கொல்லத் தொடங்கிய பிறகுதான் இந்த வழுக்கு” என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?
(கல்லூரி மாணவி, குலசேகரம்)

பதில்: மக்களே, வழுக்கு என்றதும் என் இடது முழங்கை ஒரு தரம் வலித்து ஓய்கிறது. விலங்கியல் வகுப்புப் பிள்ளைகளைக் காளிகேசம் கூட்டிப்போய், “ஆழத்துக்குப் போகாதீங்க, ஓரமாவே வாங்க” என்று சொல்லிக்கொண்டே விழுந்தவன் நான். ஓரம்தான் ஆளைத் தள்ளும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

காரணம் தெரிய வேண்டுமானால் கயத்தின் கரையில் கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். விரல் நீளத்தில் பழுப்பு மீன் ஒன்று, ஒழுக்கு இழுத்தாலும் நகராமல் பாறையோடு ஒட்டிக் கிடக்கும். கல்லொட்டி. வாய் தலையின் அடிப்பக்கம் இருக்கும். வாய்க்குப் பின்னால் வட்டமாக ஒரு தட்டு, அதுதான் பிடிமானம். சுரண்டும், நகரும், மறுபடி ஒட்டும். கயத்துப் பாறையிலும் பாசி வளர்கிறது. வளர வளரத் தின்று தீர்க்கிறார்கள், அவ்வளவுதான். மாடு மேய்ந்த வரப்பில் புல் குட்டையாக இருந்தால் அங்கே புல்லே முளைக்காது என்றா சொல்வோம்?

சரி, ஓரத்துப் பாசியை ஏன் விட்டுவைக்கிறது? கொக்குக்குப் பயந்துதான். பனாமா நாட்டு ஓடை ஒன்றில் மேரி பவர் என்ற ஆய்வாளர் இதைப் பார்த்து 1980-களில் எழுதினார். அங்கே பாசி மேய்வது கவசம் போட்ட கெளுத்தி இனம். ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஆழத்துக்கு அது வராது, வந்தால் நாரை கொத்திவிடும். அதனால் கயத்தின் விளிம்பைச் சுற்றிலும் பச்சை வளையம், உள்ளே வெறும் பாறை. உங்கள் ஓடையேதான்! இன்னொன்றும் அவர் கண்டார். வெயில் விழும் கயத்தில் பாசி பல மடங்கு வேகமாக வளர்ந்தது. ஆனால் மீனும் அதற்கேற்ற கணக்கில் அங்கே கூடியதால், நிழல் கயத்துக்கும் வெயில் கயத்துக்கும் மிஞ்சிக் கிடந்த பாசியில் பெரிய வித்தியாசமில்லை.

இனி அண்ணன் கட்சி. வெனிசுலாவில் ஆண்டிஸ் மலையடிவார ஓடையில் நைட்ரஜன் கொடுத்தபோது பாசி கூடியது உண்மை. உரம் வைப்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள்: சின்ன மண்சட்டிக்குள் உரம் கலந்த அகர் ஜெல்லி. நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுவோமே, அதே பொருள்தான். சட்டியின் நுண்துளை வழியே உரம் மெல்லக் கசியும், வெளிப்புறத்தில் பாசி ஏறும். ஆனால் அந்த ஓடையில் மீனை வராமல் தடுத்தபோது ஏறிய பாசி, உரத்தால் ஏறியதைவிட அதிகம். ஆகவே முதல் மதிப்பெண் அம்மாவுக்கு. மேய ஆள் இருந்தால் உரம் ஊட்டிய பாசியில் பெரும்பங்கு மீன் வயிற்றுக்குப் போய்விடும். ஆளைக் கொன்றுவிட்டு உரமும் விட்டால் பாசி பாறையிலேயே குவியும். (மீன் கழிவிலும் நைட்ரஜன் உண்டு, அதையும் பாசி எடுத்துக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலை அண்ணனிடம் சொல்லாதீர்கள், மறுபடி தொடங்கிவிடுவார்.)

தை மாதம் மட்டும் ஏன் என்றால், ரப்பர் இலை கொட்டுகிற காலம் அது. மற்ற மாதங்களில் நிழலில் ஓடும் ஓடைக்கு அப்போதுதான் முழு வெயில். ஆனி மழையும் ஐப்பசி மழையும் மணலை உருட்டிப் பாறையைத் தேய்த்துவிடும். தையில் அந்தத் தேய்ப்பும் கிடையாது, ஒழுக்கு குறைந்து தண்ணீர் தெளிந்திருக்கும்.

வீட்டில் வழக்குத் தீராவிட்டால் இதைச் செய்து பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரே அளவில் இரண்டு பாசிக்கல் எடுத்துக் கயத்தில் ஒரே ஆழத்தில் வையுங்கள். ஒன்றைக் கம்பிவலைக் கூண்டால் மூடுங்கள். மற்றதற்கு மேலே மட்டும் வலை, பக்கங்கள் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால், “வலை நிழல்தான் காரணம்” என்பார் அண்ணன். இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள். ஓரத்தில் இறங்கும்போது முழங்கை பத்திரம்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டது. பாசி தின்னுமே, ஓடையில் விடலாமா?
(வாசகர், தக்கலை)

பதில்: வேண்டவே வேண்டாம். பனாமாவில் சொன்னேனே, அந்தக் குடும்பத்து மீன்தான் இது, தென்னமெரிக்கச் சரக்கு. கரையைக் குடைந்து பொந்து போடும், கல்லொட்டியின் தீனியிலும் பங்குக்கு வரும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.