கடைசிப் பக்கத்து இங்கிலீஷ்

அன்புள்ள ஐயா,

எனக்கு சங்கரன்கோவில் பக்கம். தையல் கடையில் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். மகள் ஏழாவது, இங்கிலீஷ் மீடியம். தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்துவிடும். இங்கிலீஷில் மட்டும் பாடத்துக்குப் பின்னால் உள்ள கேள்வி பதில் எல்லாம் மூன்று தடவை, கஷ்டமான சொற்கள் ஐந்து தடவை. எழுதி முடிக்க ஒன்பதரை ஆகிவிடுகிறது. மார்க் எண்பதுக்குக் குறைவதில்லை. ஆனால் போன வாரம் வந்த என் அண்ணன் இங்கிலீஷில் ரெண்டு கேள்வி கேட்டார், அவள் வாயே திறக்கவில்லை. சொல்லித்தர எனக்கும் தெரியாது. டியூஷனில் சேர்த்துவிடட்டுமா? நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் தோழியோடு சேர்ந்து கண்டதைக் கிறுக்கி வைத்திருக்கிறாள். அதற்கும் திட்டினேன்.

ஒரு வாசகி
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரி,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. 'பிலீவ்' என்ற சொல்லில் மட்டும் ஐ, ஈ இரண்டு எழுத்தும் இடம் மாறிவிட்டன, ஐந்து தடவையும் அப்படியே. கீழே சிவப்பு மையில் டிக், கையொப்பம், தேதி. ஐந்து தடவை எழுதியதில் தப்புதான் நன்றாகப் பதிந்திருக்கிறது.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. 28 வருடம் நடுநிலைப்பள்ளியில் இதே பாடத்தை நடத்தி, இதே டிக்கைப் போட்டவன் நான். ஒரு தடவை ஒரு பையனுக்கு இம்போசிஷன் கொடுத்தேன். 'ஐ வில் டூ மை ஹோம்வொர்க்', ஐம்பது தடவை. மதியச் சாப்பாட்டு வேளையில் அவன் எழுதுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். முதலில் மேலிருந்து கீழே 'ஐ' மட்டும் வரிசையாக இறங்கியது. பக்கம் முடிந்ததும் மறுபடி மேலே போய் அதன் பக்கத்தில் 'வில்' என்று இறக்கினான். அப்புறம் 'டூ'. இப்படி ஐந்து தூண் எழுப்பி நோட்டை மூடிவிட்டான். அந்த வாக்கியம் ஒரு தடவைகூட முழுசாக அவன் மனதுக்குள் ஓடியிருக்காது. அவன் மேல் கோபம் வரவில்லை. கொத்தனார் வேலையைக் கொடுத்தவன் நான்தானே.

பிறகு ஏன் இப்படியே நடக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலை எழுதியிருந்தால் நாற்பது நோட்டை அரை மணி நேரத்தில் திருத்திவிடலாம். சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால் இருநூறு வாக்கியம் வந்து நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு விதத் தப்பு. பார்வைக்கு வரும் அதிகாரியும் எடுத்துப் புரட்டுவது நோட்டைத்தான். பிள்ளை வாய் திறந்து என்ன பேசுகிறது என்பதை எந்தப் பதிவேட்டில் காட்டுவது?

நேர விஷயம். ஒன்றிய அரசு 2020-இல் கொண்டுவந்த பள்ளிப் பை கொள்கையில், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி. இதைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியில் போய்ச் சண்டை போட வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில், "மூன்று தடவைக்குப் பதில் ஒரு தடவை எழுதட்டுமா, மீதி நேரம் பார்க்காமல் ஒப்பிக்க வைக்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். திருத்தும் வேலை அவர்களுக்கும் குறைகிறது இல்லையா?

பார்க்காமல் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்று இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஒரு பக்கம், ஒரு தடவை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள்.

இதற்கு உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்றில்லை. புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். அவள் ஒரு பத்தியைப் படிக்கட்டும், நீங்கள் புத்தகத்தை வாங்கி மூடிவிடுங்கள். முதலில் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரிந்திருக்கிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் அதையே இங்கிலீஷில் மூன்று வாக்கியம், அவள் சொந்தச் சொல்லில். சொற்களுக்கும் இதே வழிதான். நீங்கள் சொல்ல அவள் எழுதட்டும், புத்தகத்தை விரித்து அவளே திருத்தட்டும். நீங்கள் 'பிலீவ்' என்பதைத் தப்பாக உச்சரித்தாலும் குடி முழுகிவிடாது, அவள் சிரித்துக்கொண்டே சரிசெய்வாள்.

டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். நான் பார்த்த டியூஷன்களில் பாதி, பள்ளி நோட்டை இன்னொரு நோட்டில் எழுத வைக்கும் இடங்கள்தான்.

இனி அந்தக் கடைசிப் பக்கம். நீங்கள் திட்டிய பக்கத்தை நான் நாலு தடவை படித்தேன். உங்கள் மகள் எழுதியிருப்பது: "ஐ டிட் நாட் ப்ராட் அம்ப்ரெல்லா. ஐ கம் வித் யூ?" கீழே தோழியின் பதில்: "ஓகே. பட் ஸ்மால்."

அந்த நோட்டு முழுக்க வேறு யாரோ எழுதிய இங்கிலீஷ். இது ஒன்றுதான் அவளுடையது. மழைக்கு ஒதுங்க ஒரு குடை வேண்டியிருந்தது, இங்கிலீஷில் கேட்டாள், கிடைத்தும் விட்டது. அண்ணன் எதிரில் வராத வாய் தோழி பக்கத்தில் வந்திருக்கிறது.

தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 'டிட் நாட் ப்ரிங்' என்று வர வேண்டும். ஆனால் இந்தத் தப்பு ஏன் வருகிறது என்று பாருங்கள். தமிழில் 'கொண்டுவரவில்லை' என்ற சொல்லில் காலமே கிடையாது. நேற்றைக்கும் அதே சொல்தான், இப்போதைக்கும் அதே சொல்தான். இங்கிலீஷில் அப்படி விட முடியாது, நடந்து முடிந்ததை எங்காவது காட்டியாக வேண்டும். எங்கே காட்டுவது என்று தெரியாமல் நம் பிள்ளைகள் இரண்டு இடத்திலும் காட்டிவிடுகிறார்கள். 'டிட்' வந்துவிட்டால் அந்த வேலை அங்கேயே முடிந்தது என்று ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் தினமும் சாப்பிடும்போது, இன்றைக்குச் செய்யாத மூன்று காரியங்களை 'ஐ டிட் நாட்' போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 'டிட் நாட் வென்ட்', 'டிட் நாட் ஏட்' என்று காதில் விழுந்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள். ரெண்டு வாரம் போதும்.

திட்டியதற்குப் பதிலாக ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுங்கள், கோடு போடாத நாற்பது பக்க நோட்டு. அதை முதல் பக்கத்திலிருந்தே கடைசிப் பக்கமாக வைத்துக்கொள்ளட்டும். யாரும் டிக் போட வேண்டாம். தோழியும் எழுதலாம். அந்தப் பெண் 'ஸ்மால்' என்பதற்கு இரண்டு எல் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.