ஜாய்ஸ்டிக் வாங்கும் முன்: முதலில் நடுவைப் பாருங்கள்

கே: கணினியில் விமான விளையாட்டுக்காக ஒரே விலையில் இரண்டு ஜாய்ஸ்டிக். ஒன்றில் 12 பட்டன், மற்றதில் 24. அதிகம் இருப்பதையே எடுக்கலாமா?

ப: பட்டனை எண்ணாதீர்கள். குறைந்தால் கீபோர்டு இருக்கிறது. ஜிம்பல் (தண்டைத் தாங்கி எல்லாப் பக்கமும் அசைய விடும் பொறி) லொடலொடத்தால் எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது. தண்டை நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மட்டும் அசையுங்கள். கை நகர்ந்தும் திரையில் தண்டின் நிலையைக் காட்டும் குறி நகரவில்லை என்றால், பட்டன் எத்தனை இருந்தாலும் அது வேண்டாம்.

கே: தண்டின் அசைவை அளக்க எது நல்லது, பொட்டன்ஷியோமீட்டரா, ஹால் சென்சாரா?

ப: ஹால். பொட்டன்ஷியோமீட்டருக்குள் கரிப்பாதையின் மேல் ஓர் உலோக முனை உரசிக்கொண்டே போகும். பறக்கும்போது தண்டு பெரும்பாலும் நடுவில்தான் நிற்கும், அதனால் முதலில் தேய்வதும் அந்த இடம்தான். பிறகு கையை எடுத்தாலும் குறி துடிக்கும், விமானம் தானாகச் சாயும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் ஓடும். தேய்ந்த கரி திரும்ப வராது. ஹாலில் காந்தமும் சென்சாரும் தொட்டுக்கொள்வதே இல்லை.

ஆனால் பெட்டியில் 'ஹால்' என்று இருந்தால் எல்லா அச்சும் ஹால் என்று நம்பிவிடாதீர்கள். த்ரஸ்ட்மாஸ்டர் டி16000எம்-இல் முன்பின், இடவலம் இரண்டும் ஹால். ரட்டருக்காக (விமான வாலில் மூக்கை இடவலம் திருப்பும் பலகை) முறுக்கும் அச்சு பொட்டன்ஷியோமீட்டர்.

கே: 16 பிட் என்றால் துல்லியம் கூடுமா சார்?

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பிட் என்றால் தண்டின் வீச்சு 1024 படியாகப் பிரியும். தண்டின் மொத்த வீச்சு 40 டிகிரி என்றால் ஒரு படி 0.04 டிகிரி. கை அவ்வளவு நுணுக்கமாக அசையாது. 12 பிட் தாராளம். அதற்கு மேல் காசு கொடுப்பதானால் நல்ல ஸ்பிரிங்குக்குக் கொடுங்கள்.

கே: பழசு ஒன்று வாங்கப் போகிறேன். என்னென்ன பார்க்கணும்?

ப: விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, முதலில் காலிபரேஷனை (தண்டின் நடுவும் எல்லையும் எங்கே என்று கணினி வைத்திருக்கும் கணக்கு) ரீசெட் செய்யச் சொல்லுங்கள். இதை விடவே கூடாது: பழைய காலிபரேஷன் விற்பவரின் கணினியில் இருந்தால், நடு விலகியிருப்பது அங்கே தெரியாது, உங்கள் வீட்டில்தான் தெரியும். பிறகு தண்டை நான்கு திசையிலிருந்தும் மெதுவாகத் தளர்த்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் குறி ஒரே புள்ளிக்கு வர வேண்டும். மூலைக்கு மூலை நடு வழியாக இழுங்கள். நடுவில் 'கடக்' என்று இடித்தால் வானில் குறிவைப்பது சிரமம். கடைசியாக ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு தண்டை முறுக்குங்கள். திரையில் அந்தப் பட்டனின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கைப்பிடியின் கழுத்தில் ஒயர் நைந்திருக்கிறது.

கே: டெட்ஸோன் (நடுவைச் சுற்றி அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) 10 சதவீதம் வைத்தால் இதெல்லாம் சரியாகாதா?

ப: பயணிகள் விமானத்துக்கு ஒப்பேறும். ஹெலிகாப்டரை ஓரிடத்தில் நிறுத்துவதும், பறந்தபடி எரிபொருள் நிரப்புவதும் அந்த 10 சதவீதத்துக்குள் நடக்கிற வேலை. 3 சதவீதத்துக்கு மேல் கேட்கிற தண்டை வாங்காதீர்கள்.