66 வயதில் எலெக்ட்ரிக் கிட்டார்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எண்பதுகளில் நண்பர்களோடு ராக் குழு வைத்திருந்தேன். பிறகு பல வருடம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார். சொந்தப் பாடல்கள் எட்டு இருக்கின்றன, ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இப்போது வயது 66. பரணிலிருந்து இறக்கிய எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியெல்லாம் துரு, வால்யூமைத் திருகினால் கரகரப்பு. காலையில் இடது மோதிரவிரல் மடங்கினால் நிமிர மறுக்கிறது. காதில் ஓயாத ரீங்காரம். இனிமேல் முடியுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும் ஐயா. எட்டுப் பாட்டும் பதிவாக வேண்டும் என்றே நாங்களும் விரும்புகிறோம். ஆனால் ஆம்ப்ளிஃபயரை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் காது மருத்துவரிடம் ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) எடுங்கள். அதில் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் பெரும்பாலும் அது மேடைச் சத்தம் செய்த சேதம். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான்.

விரல் சொடுக்கிச் சொடுக்கி நிமிர்கிறது என்றால் அது ட்ரிகர் ஃபிங்கராக இருக்கலாம். விரலை மடக்கும் தசைநாண் அதன் உறைக்குள் சிக்குவதால் வருவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று அழுத்தி வாசித்தால் வீக்கம் கூடும். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு ஊசி போடுவதாக இருந்தால் சர்க்கரை இருந்தால் முன்பே சொல்லுங்கள்; சில நாள் அளவு ஏறும்.

விரலின் பாரத்தைக் கிட்டாரிலேயே ஓரளவு குறைக்கலாம். 10 கேஜ் (தடிமன்) கம்பி போட்டிருந்தால் மெல்லிய 9க்கு மாறுங்கள். ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி, ஈ ஃபிளாட்டில் ட்யூன் செய்யுங்கள். அதிலேயே இழுவிசை 11 சதவீதம் குறையும். பாடும் குரலுக்கும் இதம். ஆனால் இழுவிசை குறைந்தால் நெக் (கிட்டாரின் கழுத்து) பின்னால் சாய்ந்து, கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) உரசும். அதனால் புதுக் கம்பி மாட்டி ட்யூன் செய்து ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் அளவு பாருங்கள். முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் தடித்த கம்பியை அழுத்துங்கள். ஏழாம் ஃப்ரெட்டில் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அளக்க, டூவீலர் மெக்கானிக்கிடம் இருக்கும் ஃபீலர் கேஜே (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். இடைவெளி குறைந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் கம்பி) அதன் நட்டைத் திருகித் தளர்த்துங்கள், கூடினால் இறுக்குங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். நட்டு அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். துருப்பிடித்த நட்டு முறிந்தால் நெக்கே போய்விடும்.

தஞ்சாவூரில் வீணை செய்பவரிடம் கொடுக்கலாமே என்று தோன்றும். வீணையின் மெட்டு மெழுகில் உட்காருவது. கிட்டார் ஃப்ரெட் மரத்தில் வெட்டிய பள்ளத்தில் இறக்கியது. அது வேறு கைவேலை.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் வால்யூம் குமிழுக்குள் சேர்ந்த அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து முப்பது தடவை திருகுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள் வயரிங் சரி. தொடும்போது சுரீர் என்றால் உடனே நிறுத்தி, வீட்டு எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பந்தல் ஜெனரேட்டரில் வாசித்தவருக்கு இதன் ஆபத்து தெரிந்திருக்கும்.

பதிவுக்கு, கிட்டாரை நேராகச் செருகும் ஹை-இசட் (Hi-Z) உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் கருவி) வாங்குங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால் மேல் ஸ்வரங்கள் மங்கும். பதிவு செட்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒலியளவின் உச்சம் -10 டெசிபெல் சுற்றி இருந்தால் நல்லது. கிட்டாரை எந்த எஃபெக்டும் இல்லாமல் பதியுங்கள்; ராக் முறுக்கை ஆம்ப் சாஃப்ட்வேரில் பிறகு ஏற்றலாம், காதும் தப்பும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது பதியாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அதன் இரைச்சல் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) ஏறும். எட்டில் பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) குறைவாக உள்ள பாட்டை முதலில் எடுங்கள், ஒரே அமர்வில் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஐப்பசி மழை பிடித்ததும் டெல்டா ஈரம் புதுக் கம்பியையும் துருவாக்கும். வாசித்ததும் பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வையுங்கள். பரணில் மட்டும் வேண்டாம்.