பிரெஞ்சு படிக்கும் மாணவர்கள் ஒரு செமஸ்டர் பிரான்ஸ் போய்ப் படித்தால் உண்மையிலேயே பேச வருமா? பாரிஸ் நல்லதா, வேறு ஊரா?

நான் போய்விட்டு வந்தவள் என்பதால், இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. பாரிஸ் வேண்டாம்.

நான் போனது பெசன்சோன். சுவிட்சர்லாந்து எல்லைப் பக்கம், தூ என்ற ஆறு பழைய ஊரை லாடம் மாதிரி வளைத்துக்கொண்டு ஓடும், மேலே குன்றில் பழைய ராணுவப் பொறியாளர் வோபான் கட்டிய கோட்டை, எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோ பிறந்த ஊரும் அதுதான். அங்கே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பயன்பாட்டு மொழியியல் மையம் 1958-லிருந்து இருக்கிறது, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பிரெஞ்சு படிக்க ஆட்கள் வருவார்கள். போனதும் ஒரு தேர்வு வைத்து நிலை பார்த்துப் பிரிப்பார்கள். கல்லூரியில் மூன்று வருடம் படித்திருந்ததால் எனக்கு எழுத்தில் பி1, அதாவது நடுத்தர நிலை வந்தது. பேச்சு அதற்கு வெகு கீழே. காரணம் எளிது, நாம் படித்த பிரெஞ்சை அங்கே யாரும் பேசுவதில்லை. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு நாம் நான்கு சொல் எழுதிப் பழகியிருப்போம், அவர்கள் அதை 'ஷே பா' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். 'நாங்கள்' என்பதற்கு நாம் படித்த 'நூ' பேச்சில் அபூர்வம், எல்லாவற்றுக்கும் 'ஓன்'தான்.

வகுப்பு நன்றாகவே இருந்தது, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எனக்குப் பேச்சைக் கொடுத்தது வகுப்பு இல்லை, தங்கியிருந்த வீடு. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தனியாக இருந்தார், ஓர் அறையை மாணவர்களுக்கு விடுவார். முதல் மூன்று வாரம் என்னை 'வூ' என்றுதான் அழைத்தார். நம் ஊரில் பாட்டி வயதுள்ளவர் இருபது வயதுப் பெண்ணை நீங்கள் என்றால் ஏதோ கோபம் என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், கோம்தே சீஸை வெட்டிக்கொண்டே, இனிமேல் 'த்யூ' என்று பேசிக்கொள்ளலாமா என்று கேட்டார். பேசிக்கொள்ளலாமா என்றால் நானும் அவரை 'நீ' என்று சொல்ல வேண்டும்! நாக்கு எழவே இல்லை. பெரியவரை நீங்கள், சின்னவரை நீ என்று வயதை வைத்துப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். அங்கே நெருக்கமா இல்லையா என்பதுதான் கணக்கு, பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நான் 'வூ' என்று சொல்லும்போதெல்லாம் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். மரியாதை என்று நினைத்து நான் செய்தது அவருக்குத் தள்ளி நிற்பதாகப் பட்டிருக்கிறது. இலக்கணப் புத்தகத்தில் இது அரைப் பக்கம், எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது.

பேச்சு வந்தது பத்தாவது வாரத்தில். சமையலறையில் குழாய் ஒழுகியது, அவருக்குக் காது சரியாகக் கேட்காது, பிளம்பருக்கு நீயே போன் போடு என்று கையில் கொடுத்துவிட்டார். ஒழுகுவதற்கு என்ன சொல் என்று தெரியாமல், தண்ணீர் ஓடிப்போகிறது, தப்பித்து ஓடுகிறது என்றெல்லாம் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் உடனே 'ஃபுயித்' என்றார். தப்பி ஓடுவதற்கும் ஒழுகலுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான்! மத்தியானம் ஆள் வந்துவிட்டார். அன்றைக்குப் பிறகு எனக்கு வாய் திறக்கத் தயக்கம் இல்லை.

பாரிஸில் இது நடக்காது என்று சொல்லவில்லை, நடப்பது கஷ்டம். உச்சரிப்பு கொஞ்சம் தடுக்கினால் கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். லா ஷப்பெல் பக்கம் போனால் ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காய் முதல் முடிவெட்டு வரை தமிழிலேயே முடித்துக்கொண்டு வரலாம். விடுமுறையில் அங்கே போய் தோசை சாப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் அந்த ஆறுதலின் அருமை தெரிந்துதான் சொல்கிறேன், படிக்கிற காலத்தில் அது பக்கத்துத் தெருவில் இருக்கக் கூடாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923-ல் கிர்க்பிரைடு என்ற பேராசிரியரோடு 8 மாணவர்களைக் கப்பலில் பிரான்சுக்கு அனுப்பியது, இந்த மாதிரித் திட்டங்களுக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். அவர்கள் நேராகப் பாரிஸ் போகவில்லை, முதலில் நான்சி என்ற ஊரில் மொழி படித்துவிட்டு அப்புறம்தான் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம். பின்னாளில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியான ஜாக்குலின் 1949-ல் மாணவியாகப் போனபோதும் முதலில் கிரெனோபிள் என்ற ஊர், பிறகு பாரிஸில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார்.

செலவு விஷயம் சுருக்கமாக: பெசன்சோனில் பாரிஸைவிட வாடகை நன்றாகவே குறையும், நான் இருந்தபோது மாணவர் உணவகத்தில் மதியச் சாப்பாடு 3.30 யூரோ. மூன்று மாதத்துக்கு மேல் என்றால் நீண்டகால விசா, வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸின் நேர்காணலை முடிக்க வேண்டும், அதனால் ஆறு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். விண்ணப்பிக்கும்போதே குடும்பத்தோடு தங்க வழி உண்டா என்று மையத்திடம் எழுதிக் கேளுங்கள். விடுதி அறை கொஞ்சம் மலிவாக இருந்தாலும், நம் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரே தளத்தில் எடுக்கலாம் என்று கூப்பிட்டாலும், தயவுசெய்து போகாதீர்கள்.