ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. மூன்று மாதத்துக்கு முன் பெருங்குடலில் கேன்சர் என்று ஆபரேஷன் ஆனது. இப்போது கீமோ ஏறுகிறது. குடல் புற்றுநோய்க்கு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று எங்கோ செய்தி வந்ததாம். அன்று முதல் மாமியார் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். எட்டு வயது மகளை அவர் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. 39 வயதுக் கொழுந்தனார் வீட்டுப் பக்கமே வருவதில்லை. இது ஒட்டுவாரொட்டியா டாக்டர்?
– வாசகி, நாமக்கல்

பதில்: இல்லை அம்மா. தட்டில், டம்ளரில், மூச்சில், தொடுவதில், ஒரே பாயில் படுப்பதில், எதிலும் இது ஒட்டாது. இன்று ராத்திரியே மகளை அப்பா பக்கத்தில் படுக்க வையுங்கள். அரசு மருத்துவமனையில் 31 வருடம் வயிற்று ஆபரேஷன் செய்தவன் நான். குடல் கட்டியை இந்தக் கையால் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன்.

உங்கள் மாமியார் மீது எனக்குக் கோபம் இல்லை. வைரஸ் என்றாலே கொரோனா காலத்துப் பயம்தானே நினைவுக்கு வரும்? அதனால் அந்தச் செய்தியில் என்ன இருந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சில வைரஸ்கள் புற்றுநோயை உண்டாக்குவது உண்மை. கல்லீரல் புற்றுநோயில் ஹெபடைடிஸ் பி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஹெச்.பி.வி. இரண்டாவதை நிரூபித்தவர் ஜெர்மனியின் ஹரால்டு ஸுர் ஹௌசன். 1983, 84இல் அவர் குழு கட்டிகளுக்குள்ளிருந்தே அந்த வைரஸின் இரண்டு வகைகளைப் பிரித்தெடுத்தது. 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கே சாட்சி பலமானது. கிட்டத்தட்ட எல்லாக் கட்டியிலும் வைரஸ் இருக்கிறது. செல் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கிற நம் உடம்பின் இரண்டு காவல் புரதங்களை அது முடக்குவதையும் சோதனைச்சாலையில் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

குடலில் அப்படிப்பட்ட சாட்சி இதுவரை கிடைக்கவில்லை. ஜே.சி. வைரஸ் என்று ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருப்பது. 1999இல் அமெரிக்காவில் ஒரு குழு அதன் சுவடுகளைக் குடல் கட்டிகளில் கண்டது. அதே சுவட்டைத் தேடிய வேறு சிலருக்கு அது அகப்படவே இல்லை. சைட்டோமெகலோ வைரஸ், ஹெச்.பி.வி. கதையும் இப்படித்தான். ஒருவர் இருக்கிறது என்கிறார், அடுத்தவர் இல்லை என்கிறார். இருந்தாலும், திருட்டு நடந்த தெருவில் நின்ற எல்லோரும் திருடர் ஆகிவிட மாட்டார்கள் அல்லவா? கட்டி வந்த இடத்தில் நோய் எதிர்ப்பு தளர்ந்திருக்கும். அங்கே வைரஸ் பிறகு வந்து குடியேறியிருக்கவும் கூடும்.

அண்மைக் காலத்தில் பேச்சு வேறொரு பக்கம் திரும்பியிருக்கிறது. எனக்கு மிகவும் ஆர்வமூட்டுவது இதுதான். நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அந்தப் பாக்டீரியாக்களுக்கும் வைரஸ் காய்ச்சல் மாதிரி ஒன்று வரும். அவற்றைத் தாக்குகிற வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். ஃபேஜால் மனித செல்லுக்குள் பெருக முடியாது. குடல் புற்றுநோயில் சந்தேகப்படுகிற பேக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் என்ற பாக்டீரியா நோயாளி குடலிலும் இருக்கிறது, நல்லபடியாக இருப்பவர் குடலிலும் இருக்கிறது. அப்படியானால் அதைக் குற்றவாளி என்பது எப்படி? டென்மார்க்கில் ஓடென்ஸ் நகர ஆய்வாளர்கள் அந்தப் பாக்டீரியாவையே திறந்து பார்த்தார்கள். புற்றுநோய் வந்தவர்களின் பாக்டீரியாவுக்குள் சில ஃபேஜ்கள் அதிகமாகக் குடியிருந்தன. வைரஸ் புகுந்ததால் பாக்டீரியாவின் குணம் மாறி, அது குடலைக் கெடுக்கிறதா? அல்லது நோயால் குடல் மாறிய பிறகு இவை பெருகினவா? அந்த ஆய்வாளர்களே இன்னும் முடிவு சொல்லவில்லை. எது எப்படி இருந்தாலும், இது தட்டு வழியாக உங்கள் மகளுக்குப் போகிற விஷயமே இல்லை.

வீட்டில் கவனம் வேண்டியது வேறு இரண்டில். கீமோ ஏறி 48 மணி நேரம் வரை அவருடைய சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்து வரும். சுத்தம் செய்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். இது மருந்துக்கான எச்சரிக்கை, நோய்க்கானது அல்ல. இரண்டாவது, கீமோவில் வெள்ளை அணுக்கள் குறையும். சளி, காய்ச்சலோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். பாதுகாப்பு தேவைப்படுவது நம்மிடமிருந்து அவருக்கு. அவருக்கே காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கொழுந்தனாரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவர் விஷயம்தான் அவசரம்.

கேள்வி: மாட்டிறைச்சியிலும் பாலிலும் உள்ள ஏதோ வைரஸால்தான் குடல் கேன்சர் வருகிறது என்று நோபல் விஞ்ஞானியே சொன்னாராமே? எங்கள் ஊரில் பீஃப் பிரியாணி இல்லாத விசேஷம் கிடையாது.
– வாசகர், ஆம்பூர்

பதில்: மேலே சொன்ன அதே ஸுர் ஹௌசன்தான். மங்கோலியாவில் இறைச்சி ஏராளமாகச் சாப்பிடுகிறார்கள், ஆனால் குடல் புற்றுநோய் குறைவு. அப்படியென்றால் கோளாறு எல்லா இறைச்சியிலும் இல்லை, ஐரோப்பிய மாட்டினத்தில் தொற்றியிருக்கும் ஏதோ ஒன்றில் இருக்கலாம் என்பது அவர் ஊகம். பாலிலும் இறைச்சியிலும் வளைய வடிவிலான சிறு டி.என்.ஏ. துண்டுகளை அவர் குழு கண்டெடுத்தது. ஆனால் இந்தச் சாட்சி போதாது என்று 2019இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமே சொல்லிவிட்டது. பால் குடிப்பவர்களிடம் குடல் புற்றுநோய் சற்றுக் குறைவாகக் காணப்படுவதும் அவர் ஊகத்துக்கு இடிக்கிறது. பெரிய மனிதர், 2023இல் மறையும்வரை இதைத் துரத்தினார். அந்தப் பிடிவாதத்தை மதிக்கிறேன், ஆனால் ஊகத்தை ஊகமாகத்தான் வைக்க வேண்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. உப்பிட்டு, புகையிட்டுப் பதப்படுத்திய சாசேஜ், பேக்கன் வகைகளை 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணிப் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது. சிவப்பு இறைச்சி அனேகமாகக் காரணி என்ற அடுத்த படியில் இருக்கிறது. விசேஷத்துப் பிரியாணியைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். தினப்படிச் சாப்பாடு என்றால் குறையுங்கள்.

கேள்வி: ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டால் குடல் புற்றுநோய் வராதா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: பெருங்குடலுக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆசனவாய்ப் புற்றுநோய் வேறு. அதில் பத்துக்கு ஒன்பது ஹெச்.பி.வி.யால் வருவது, அதைத் தடுப்பூசி தடுக்கும். ஆண்களும் போடலாம்.

இப்போது நாமக்கல் கொழுந்தனார். என் சித்தப்பாவுக்கு மலத்தோடு ரத்தம் போனது. மூலம் என்றார்கள். எட்டு மாதம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டார். முதலில் பார்த்த மருத்துவர் விரல் விட்டுக்கூடச் சோதிக்கவில்லை. நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்குச் சொல்ல அவருக்குக் கூச்சம். தெரிந்தபோது நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. குடலின் உள்சுவரில் முளைக்கும் சின்ன சதை வளர்ச்சியான பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். அவ்வளவு அவகாசம் தருகிற நோய் இது.

உடன் பிறந்தவருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முதலோ அப்போது கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை, செய்ய வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 46இல் பத்து போனால் 36. கொழுந்தனாருக்கு மூன்று வருடம் கடந்துவிட்டது. நோய் ஒட்டும் என்று பயந்து வீட்டுக்கு வராமல் இருக்கிறாரே, அவரை ஒரு குடல் மருத்துவரிடம் இந்த மாதமே அழைத்துப் போங்கள். முந்தின நாள் வயிற்றைக் கழுவ மருந்து குடிப்பதுதான் சிரமம், சோதனை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். மரபுச் சோதனை தேவையா என்று உங்கள் கணவரின் மருத்துவரிடம் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள் அம்மா.