பட்டைத் தூள்: தினமும் எவ்வளவு சாப்பிடலாம்?

கேள்வி: எனக்கு வயது 54, எடை 50 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். ஆறு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீஸ்பூன் பட்டைத் தூளை வெந்நீரில் தேன் கலந்து குடிக்கிறேன். தொடரலாமா?

பதில்: இதே அளவில் தொடர வேண்டாம். அளவைச் சொல்லும் முன், உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் பட்டை என்று தெரிய வேண்டும்.

பிரியாணிக்குப் போடுகிற, தடிமனான, கையால் ஒடிக்கச் சிரமமான பட்டை பெரும்பாலும் காசியா வகை. இலங்கையிலிருந்து வரும் சுருள் பட்டை வெளிர் நிறம். மெல்லிய ஏடுகள் பல ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். தூளாகிவிட்டால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. கடையில் பாக்கெட்டாக வாங்கிய தூள் என்றால் காசியா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். சுருள் பட்டையில் அது மிக மிகக் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரினைத் தினசரி வரம்பாக வைத்திருக்கிறது. உங்களுக்கு அது 5 மில்லிகிராம். ஒரு கிராம் காசியாவில் சராசரியாக 3 மில்லிகிராம் இருக்கும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் சுமார் இரண்டரை கிராம். அப்படியானால் தினமும் ஏழரை மில்லிகிராம் உள்ளே போகிறது. ஓரிரு வாரம் என்றால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆறு மாதம் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

காசியா என்றால் அரை டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம், அதையும் தினமும் எடுக்க வேண்டியதில்லை. தினமும் வேண்டும் என்றால் நாட்டு மருந்துக் கடையில் சுருள் பட்டையை முழுசாக வாங்கி, வீட்டில் பொடித்து, அதே அரை டீஸ்பூன் எடுங்கள். குழம்பு, பிரியாணியில் சேருகிற பட்டையைப் பற்றிப் பயம் வேண்டாம். துண்டை நாம் எடுத்து ஒதுக்கிவிடுகிறோம். குழந்தைகளுக்கு இந்தத் தூள் வைத்தியமே வேண்டாம். 15 கிலோ குழந்தைக்குக் காசியா அரை கிராமிலேயே வரம்பு முடிந்துவிடும். கர்ப்பிணிகளுக்குச் சமையலில் சேர்வதே போதும்.

சரி, சர்க்கரை குறையுமா? 2003-இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் 40 நாள் நடந்த ஆய்வில் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதனால் பட்டையை நம்பி ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள். தேனை இன்றே நிறுத்துங்கள், அது சர்க்கரையை ஏற்றும்.

உங்கள் மாத்திரைகளில் கிளிமெபிரைடு தனியாகவே சர்க்கரையைத் தாழ்த்திவிடக் கூடியது. பட்டையும் சேர்ந்தால் இன்னும் தாழலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கல்லீரல் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவரிடம் பட்டைத் தூள் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் ஏற்கெனவே கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் அவரிடம் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது. சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ பரிசோதனைத் தேதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.