கசடும் காற்றும் கவ்வாத்துக் கத்தியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மரக்கறிப் பாத்தி வெட்டும்போது கறுப்பாக, பாரமாக, குமிழி விழுந்த கற்கள் மம்பட்டியில் தட்டுப்படுகின்றன. பழைய இரும்புக் கசடு என்கிறார் ஒருவர். வெறும் கபுக்கல் (செம்புரைக்கல்) என்கிறார் இன்னொருவர். எப்படி அறிவது?
– வாசகி, பெலிஹுல் ஓயா

பதில்: முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். கசடு என்பது இரும்பு உருக்கும்போது கழிவாக உருகி ஓடியது. அதனால் ஒரு பக்கமாவது ஆறிய கருப்பட்டிப் பாகு போல மடிப்பு மடிப்பாக இருக்கும். கபுக்கல்லில் இந்த மடிப்பு வராது.

அடுத்து, ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹெமற்றைற், மஞ்சட்பழுப்பு என்றால் லிமொனைற் அல்லது கபுக்கல். கறுப்புக் கோடு விழுந்து காந்தமும் பலமாக ஒட்டினால் மக்னற்றைற். கசடு பெரும்பாலும் தெளிவான நிறக்கோடு போடாது. காந்தமும் அதில் பட்டும் படாமலும்தான் ஒட்டும்.

சந்தேகம் தீராவிட்டால் எடை பாருங்கள். குமிழி குறைந்த துண்டொன்றை உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைச் சமையலறைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் நீரில் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கனவளவு. உலர்ந்த எடையை அதால் பிரித்தால் அடர்த்தி வரும்: உலர்ந்த எடை 700 கிராம், தராசு காட்டுவது 200 என்றால் 3.5. நம் மலைப்பாறை 2.7க்கு அருகில் நிற்கும், கசடு 3க்கு மேல் போகும். 7ஐத் தொட்டால் அது இரும்பேதான்.

பாத்திக்குக் கெடுதல் இல்லை. கசடு பெரும்பாலும் இரும்புச் சிலிக்கேற்று, மண்ணில் எளிதில் கரையாது. உடைந்த விளிம்பு கண்ணாடி போல வெட்டும், வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

கேள்வி: அப்படிக் கிடைத்த, பழைய இரும்புலைக்குக் காற்று கொண்டுபோன மண்குழாய்த் துண்டுகளை வீட்டில் வைத்திருக்கலாமா?
– வாசகர், பம்பஹின்ன

பதில்: எடுக்காமல் விடுவதே நல்லது. தொல்பொருள்களை அனுமதியின்றித் தோண்டுவதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். குழாய் உலையின் எந்தச் சுவருக்கு எதிரே, எந்தத் திசை நோக்கி, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பெறுமதி. அலுமாரிக்குள் போனால் அது வெறும் சுட்ட மண். கிடந்தபடியே படம் எடுத்து, கிராம அலுவலர் ஊடாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கேள்வி: சமனலவெவ மேடுகளில் துருத்தியே இல்லாமல் காற்றை மட்டும் வைத்து இரும்பு உருக்கினார்களாம். மலைக்காற்று நிலையில்லாதது. அது எப்படி முடிந்தது?
– வாசகர், அப்புத்தளை

பதில்: முடிந்தது என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. நீர்த்தேக்கம் வருமுன் அப்பகுதியை ஆராய்ந்த தொல்லியலாளர் கில் ஜுலெஃப், மேற்கு நோக்கிய உலைகளை அங்கே கண்டறிந்தார். காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. 1994இல் அதே அமைப்பில் உலை கட்டி, பருவக்காற்றிலேயே உருக்கிக் காட்டினார்கள். முடிவு 1996இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தது.

சூட்சுமம் இடத்தேர்விலும் முன்சுவரிலும் இருக்கிறது. உலை வட்டமானதல்ல. காற்றுக்குக் குறுக்கே நீண்டு, உள்ளே ஒடுங்கியிருக்கும். ஜூன் முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று சரிவில் ஏறி உச்சியில் வேகம் எடுக்கும் இடத்தில் அதைக் கட்டினார்கள். முன்சுவரின் அடியில் வரிசையாக மண்குழாய்கள். காற்று குழாய்க்குள் நேரே புகுந்துவிடுகிறது என்று நினைப்போம். நடப்பது அது மட்டுமல்ல. சுவரின் மேல்விளிம்பைத் தாண்டிப் பாயும் காற்று, விளிம்புக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைக்கிறது. சுவரின் வெளிமுகத்தில் அழுத்தம் கூட, உள்ளே மேற்புறத்தில் குறைய, அந்த வித்தியாசமே குழாய்கள் வழியே காற்றை உள்ளே இழுக்கிறது. நிலையில்லாத காற்றிலும் உலை அணையாமல் எரிந்ததற்குக் காரணம் இந்த இழுப்புத்தான். துருத்தி மிதிப்பவரின் வேலையை ஒரு சுவரின் வடிவத்துக்குக் கொடுத்தவர்களை எந்தப் பொறியியலாளரோடும் சமமாக வைத்துப் பேச வேண்டும்.

தவறக்கூடிய இடங்களும் உண்டு. காற்று நீண்ட நேரம் தணிந்தால் குழாய் நுனியில் கசடு உறைந்து அடைத்துக்கொள்ளும். தாது பெரிய கட்டியாக இருந்தால் நடுப்பகுதி மாறாமல் நிற்கும், தூளாக இருந்தால் கரிக்குள் காற்று ஓடாது. ஆகவே முன்கூட்டியே சுட்டு, ஈரம் போக்கி, சிறு துண்டுகளாக உடைக்க வேண்டும். ஈரக் கரி சூட்டைத் தின்றுவிடும். இரும்பை வெளியே எடுக்க முன்சுவரை உடைத்து, அடுத்த முறைக்குப் புதிதாகக் கட்டினார்கள். உலைகளுக்கு அருகே குழாய்த் துண்டுகள் குவிந்து கிடப்பது இதனால்தான்.

கேள்வி: பலாங்கொடைப் பக்கம் உருக்கும் (எஃகும்) செய்தார்களாமே, அதுவும் இந்த உலைகளிலா?
– வாசகி, பலாங்கொடை

பதில்: நீங்கள் கேட்பது மூசை உருக்கு, அதாவது மூசை என்னும் மூடிய மண்பாத்திரத்தில் காய்ச்சும் உருக்கு, அது வேறு முறை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிமவியல் ஆய்வுப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி அதைப் பார்த்து எழுதிவைத்தார். நீண்ட மண்மூசைக்குள் இரும்புத் துண்டையும் ஆவாரை மரச் சிராய்களையும் இட்டு, மூடி, கரியுலையில் காய்ச்சுவார்கள். மரத்தின் காபன் இரும்பில் ஏற ஏற அதன் உருகுநிலை இறங்கும். சுத்த இரும்பு 1538 பாகை செல்சியஸில்தான் உருகும். ஒன்றரை வீதம் காபன் ஏறினால் அதைவிட நூறு பாகையளவு குறைவிலேயே முற்றாக உருகிவிடும். சிராய் அதிகமானால் வார்ப்பிரும்பாகி, சம்மட்டி அடியில் நொறுங்கும்.

கேள்வி: லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கவ்வாத்துக் கத்தி, தோய்ச்சல் போடும்போதே (பழுக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிர்விக்கும்போதே) வெடித்துவிட்டது. மற்றொன்று வெடிக்கவில்லை, ஆனால் இரண்டு செடியிலேயே மழுங்குகிறது.
– பட்டறைக்காரர், தலவாக்கலை

பதில்: வெடித்தது தண்ணீரில் தோய்த்ததாலாக இருக்கும். ஸ்பிரிங் பட்டையில் காபன் 0.6 வீதமளவு உண்டு, அது எண்ணெய்க்குரிய உருக்கு. பட்டையில் பழைய வெடிப்பு இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

சிரட்டைக்கரி நெருப்பில் கத்தியைச் சீராகச் சூடாக்குங்கள். காந்தம் ஒட்டாமற்போகும் நிலை 770 பாகையளவு. அதற்கு மேல் இன்னும் ஒரு படி சிவந்ததும் எடுக்க வேண்டும். வெயிலில் நின்று நிறம் பார்த்தால் ஏமாற்றும், நிழலில் பாருங்கள். 50 பாகையளவு சூடான எண்ணெயில் நுனி முதல் நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். எண்ணெய் தீப்பற்றலாம், மூடியுள்ள இரும்புப் பாத்திரம் கட்டாயம். அரம் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது.

அப்படியே விட்டால் கணுவில் பட்டதும் உடையும். ஒரு பக்கத்தை மினுக்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டிமேல் கத்தியின் முதுகை வைத்துப் பதம் இறக்குங்கள், அதாவது மெல்லச் சூடேற்றிக் கடினத்தைச் சற்றுக் குறையுங்கள். நிறம் முதுகிலிருந்து வாய் நோக்கி ஓடிவரும். வாயில் பழுப்பு தோன்றியதும், அது 255 பாகையளவு, எடுத்துவிடுங்கள். முதுகு நீலமாக இருக்கட்டும், அங்கே தாங்கும் பலம்தான் தேவை.

மழுங்கும் கத்தியைப் பெரும்பாலும் கெடுத்திருப்பது மின்சாணை. தீட்டும்போது வாய் நீலமானால் அந்த இடத்தின் தோய்ச்சல் இறங்கிவிட்டது, மீண்டும் தோய்ச்சல்தான் வழி. வெறும் விரலால் பிடிக்கக்கூடிய சூட்டைத் தாண்டவிடாமல், அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டுங்கள். கடைசித் தீட்டல் கைச்சாணைக்கல்லில். வாய் நன்றாக இருந்தால்தான் வெட்டு வழுவழுப்பாக விழும். கிழிந்த வெட்டில் தேங்கும் மழைநீர் தேயிலைத் தண்டை உள்ளே அழுகச் செய்யும்.